எல் நினோ வந்தால் கோவைக்கு வறட்சியா, மழையா? சிறுவாணியும் தோட்டத்துக் கிணறும் காத்திருக்கும் கடலின் கணக்கு

ஒவ்வொரு வருஷமும் மார்ச், ஏப்ரல் வந்தாலே ஒரு செய்தி வலம் வரும். "இந்த ஆண்டு எல் நினோ, மழை குறையும்." வாட்ஸ்ஆப்பில் அது பரவும்போது இன்னும் சுருங்கி, "எல் நினோ வருது, வறட்சிதான்" என்று ஆகிவிடும்.

கோவை மாவட்டத்தில் ஒருவர் இதைப் படித்தால் உடனே இரண்டு கேள்வி எழும். சிறுவாணி நிரம்புமா? ஐப்பசியில் தோட்டத்துக் கிணற்றுக்குத் தண்ணி வருமா?

இந்த இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரே எல் நினோ, சிறுவாணிக்கு ஒரு மாதிரியும் சூலூர், பல்லடம் பக்கத்துக் கிணறுகளுக்கு வேறு மாதிரியும் வேலை செய்யக்கூடும். ஏன் அப்படி? கடலே இல்லாத ஊருக்குக் கடலின் வெப்பம் எதற்கு? விரிவாகப் பார்ப்போம்.

கோவைக்கு மழை எங்கிருந்து வருகிறது?

கோவை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அரபிக்கடல் கரைக்குப் போவதென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். சமவெளியில் ஆண்டு மழை சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர்தான்.

இந்த மழை மூன்று தவணையாக வருகிறது. சித்திரை, வைகாசியில் கோடை மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, பெரும்பாலான மழையை மலையிலேயே கொட்டிவிடுகிறது. சிறுவாணி, ஆழியாறு, பரம்பிக்குளம் அணைகள் நிரம்புவது முக்கியமாக இந்த மழையால்தான். மலைக்குக் கிழக்கே உள்ள சமவெளிக்கு மிஞ்சுவது சாரலும் காற்றும்.

அந்தக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிறது. மலைத்தொடரில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு. உடுமலை, கேத்தனூர், பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கக் காரணமே இந்தக் கணவாய்தான்.

சமவெளியின் கிணறு, குளம், மானாவாரி நிலம் எல்லாம் பெரிதும் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. கோவை சமவெளியின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. இந்த மழை வங்கக்கடலில் இருந்து வருவது.

ஆக, குடிநீருக்கு அரபிக்கடல் பக்கத்து மழை, கிணற்றுக்கு வங்கக்கடல் பக்கத்து மழை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

கடல் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு அண்டாத் தண்ணீரை அடுப்பில் வைத்தால் சூடாக நேரமாகும். அடுப்பை அணைத்த பிறகு ஆறவும் அதே மாதிரி நேரமாகும். காலிப் பாத்திரம் அப்படி இல்லை. சட்டென்று சுடும், சட்டென்று ஆறும்.

பூமியில் கடல்தான் அந்த அண்டா. பூமிப் பரப்பில் சுமார் 71 சதவீதம் கடல். கடலின் மேல் மூன்று மீட்டர் நீர் மட்டுமே, அதன் மேலே உள்ள மொத்தக் காற்று மண்டலத்துக்கு இணையான வெப்பத்தைத் தேக்கி வைக்கும் திறன் கொண்டது.

காற்று நேற்று எப்படி இருந்தது என்பதைச் சில நாட்களில் மறந்துவிடும். அதனால்தான் பத்து நாளைக்கு மேல் தினசரி வானிலையைத் துல்லியமாகச் சொல்வது கடினம். கடல் அப்படி மறப்பதில்லை. மே மாதம் கடலுக்குள் இருக்கும் வெப்பம் அக்டோபரிலும் தன் வேலையைக் காட்டும். பருவமழையைச் சில மாதங்கள் முன்கூட்டியே கணிக்க முடிகிறது என்றால், அதற்குக் கடலின் இந்த ஞாபகசக்திதான் முக்கிய காரணம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெப்ப மண்டலக் கடலில் மேற்பரப்பு வெப்பம் சுமார் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அங்கே காற்று வேகமாக மேலெழுந்து உயரமான மழை மேகங்கள் உருவாக வாய்ப்பு அதிகம். ஒரு இடத்தில் காற்று மேலே போனால், வேறொரு இடத்தில் அது கீழே இறங்கியாக வேண்டும். மேலே போகும் இடத்தில் மழை, கீழே இறங்கும் இடத்தில் வெயில். கடலின் சூடான பகுதி நகர்ந்தால் மழையும் நகரும். எல் நினோவின் சாரம் இவ்வளவுதான்.

எல் நினோ என்பது என்ன?

பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டுப் பகுதியில் வழக்கமாகக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசும். அது சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். இதனால் மேற்குப் பசிபிக்கில் கடல் மட்டம், தென் அமெரிக்கக் கரையை விட சுமார் அரை மீட்டர் உயரமாகவே இருக்கிறது. தென் அமெரிக்கப் பக்கம் அடியில் இருந்து குளிர்ந்த நீர் மேலே வரும்.

சில ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்கிறது. குவிந்திருந்த சூடான நீர் கிழக்கே திரும்பி நகர்கிறது. கடலுக்குள்ளே ஒரு பெரிய அலையாக, சுமார் இரண்டு மூன்று மாதத்தில் பசிபிக்கையே கடந்து தென் அமெரிக்கக் கரையை அடைகிறது. கரையில் நின்று பார்த்தால் அந்த அலை கண்ணுக்குத் தெரியாது. கருவிகளுக்குத் தெரியும்.

நடுப் பசிபிக்கின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மேற்பரப்பு வெப்பம் இயல்பை விட 0.5 டிகிரிக்கு மேல் உயர்ந்து தொடர்ந்து பல மாதம் நீடித்தால் அது எல் நினோ. அதே அளவு குறைந்து நீடித்தால் லா நினா. அரை டிகிரிதானே என்று தோன்றலாம். அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளக் கடல்பரப்புக்கான சராசரி என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கதையில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித நிபுணர். இந்தியப் பருவமழை ஏன் பொய்க்கிறது என்று கண்டுபிடிக்க உலகம் முழுவதும் இருந்து காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்ற ஏற்ற இறக்கத்தைக் கண்டார். இன்று டாஹிட்டி தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை வைத்து அதை அளக்கிறார்கள். காற்றில் வாக்கர் கண்டதும் கடலில் நடக்கும் எல் நினோவும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பதை 1969-ல் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார்.

கொங்கு நாட்டில் பெரியவர்கள் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் நினைவிருக்கலாம். 1876 முதல் 1878 வரையிலான அந்தப் பஞ்சத்தில் சேலம், கோவை மாவட்டங்களும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 1877-78-ல் பசிபிக்கில் மிக வலுவான எல் நினோ இருந்தது என்பது பின்னாளைய ஆய்வுகளில்தான் தெரிந்தது. அன்று அதை முன்கூட்டியே சொல்ல யாருக்கும் வழியில்லை.

நம்ம பக்கத்துக் கடலுக்கும் ஒரு தராசு

பசிபிக்கை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். இந்தியப் பெருங்கடலுக்கும் சொந்தமாக ஒரு ஊசலாட்டம் இருக்கிறது. பெயர், இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஐ.ஓ.டி. என்பார்கள்.

தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு ஆப்பிரிக்கக் கரைப் பக்கம், இன்னொரு தட்டு சுமத்ரா தீவுப் பக்கம். ஆப்பிரிக்கப் பக்கம் வழக்கத்தை விடச் சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிர்ந்தும் இருந்தால் அது நேர்மறை. மாறி இருந்தால் எதிர்மறை.

இதை 1999-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட நால்வரில் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன் ஆகிய மூவர் இந்தியர்கள். நான்காமவர் ஜப்பானைச் சேர்ந்த யமகட்டா.

1997-ல் அந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று வந்தது. இந்தியாவுக்கு வறட்சி உறுதி என்று பலரும் பயந்தார்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழை இயல்பாகவே பெய்தது. அந்த ஆண்டு வலுவான நேர்மறை ஐ.ஓ.டி. இருந்து எல் நினோவின் பாதிப்பைப் பெருமளவு ஈடுகட்டியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஒரே எல் நினோ, இரண்டு முகம்

இப்போது கோவைக்கு வருவோம்.

எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் மேல் காற்று கீழிறங்கும் போக்கு அதிகமாகி, தென்மேற்குப் பருவமழை பலவீனமாகும் வாய்ப்பு கூடுகிறது. கேரள மலைப் பக்கம் மழை குறைந்தால் சிறுவாணிக்கும் ஆழியாறு, பரம்பிக்குளத்துக்கும் அது சிக்கல்.

அக்டோபருக்குப் பிறகு காட்சி மாறும். எல் நினோவும் நேர்மறை ஐ.ஓ.டி.யும் சேர்ந்திருக்கும்போது வங்கக்கடலில் இருந்து தென்னிந்தியாவை நோக்கி வீசும் கிழக்குக் காற்று வலுவடைந்து அதிக ஈரப்பதத்தைக் கொண்டு வரும் போக்கு இருக்கிறது. அதனால் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பை ஒட்டியோ, கூடுதலாகவோ பெய்யும் வாய்ப்பு அதிகம்.

2023-ஐப் பாருங்கள். எல் நினோ ஆண்டு. கேரளாவில் தென்மேற்குப் பருவமழை இயல்பை விட 34 சதவீதம் குறைவு. ஆகஸ்ட் மாதம், இந்திய அளவில் 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட். அதே ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரே ஆண்டு, ஒரே எல் நினோ, இரண்டு முகம்.

ஆகவே "எல் நினோ என்றால் வறட்சி" என்பது கொங்கு நாட்டுக்குப் பாதி உண்மைதான்.

2015, 2016, 2021: மூன்று ஆண்டு சொல்லும் பாடம்

2015-ல் வலுவான எல் நினோவும் நேர்மறை ஐ.ஓ.டி.யும் சேர்ந்தன. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பை விட 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம். டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது.

அடுத்த ஆண்டு நேர் எதிர். 2016-ல் பசிபிக்கில் எல் நினோ முடிந்து வலுவில்லாத லா நினா. இந்தியப் பெருங்கடலில் வலுவான எதிர்மறை ஐ.ஓ.டி. சூடான நீரும் மழை மேகங்களும் சுமத்ரா பக்கம் ஒதுங்கின. வழக்கமாகச் சுமார் 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமழை 17 சென்டிமீட்டர் அளவுக்கே பெய்தது. 62 சதவீதம் குறைவு. டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியும் கணக்கு தேறவில்லை. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது.

அதற்கு முன்பே தென்மேற்குப் பருவமழையும் குறைவாகப் பெய்திருந்ததால் கொங்கு மண்டலத்துக்கு இரட்டை அடி. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரங்களில் தென்னை மரங்கள் காய்ந்தன. ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கியும் தண்ணி வராமல் கடனாளி ஆனவர்கள் உண்டு. "லா நினா, அதனால் இந்தியாவுக்கு நல்ல மழை" என்ற பொதுச் செய்தியை மட்டும் நம்பி இருந்தால் இங்கே ஏமாற்றம்தான் மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் லா நினா வந்தால் வடகிழக்குப் பருவமழை பொய்க்குமா? அதுவும் இல்லை. 2021-ம் லா நினா ஆண்டுதான். அந்த ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பை விட 50 சதவீதத்துக்கும் மேல் அதிகமாகப் பெய்தது. வங்கக்கடலில் அடுத்தடுத்து உருவான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள் கணக்கையே மாற்றின.

பசிபிக்கும் ஐ.ஓ.டி.யும் வாய்ப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும். கடைசி நேரத்தில் வங்கக்கடலில் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம்.

வங்கக்கடலின் நன்னீர்ப் போர்வை

வங்கக்கடல் விசித்திரமான கடல். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி என்று பெரிய ஆறுகள் அதில் வந்து கலக்கின்றன. மழையும் அதிகம். நன்னீர், உப்புநீரை விட எடை குறைவு. அதனால் மேலாக ஒரு மெல்லிய போர்வை போலப் பரவி மிதக்கிறது.

இதனால் காற்று எவ்வளவு வீசினாலும் அடியில் உள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வந்து கலக்காது. வெயிலின் சூடு மேல் அடுக்கிலேயே தங்கிவிடும். வங்கக்கடல் வெதுவெதுப்பாகவே இருக்கவும், புயல்கள் பலம் பெறவும் இது ஒரு காரணம். அரபிக்கடலில் ஆறுகள் குறைவு, ஆவியாதல் அதிகம், அதனால் உப்பும் அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கடலை நன்றாகக் கலக்கிக் குளிர வைத்துவிடுகிறது. கேத்தனூரில் காற்றாலையைச் சுற்ற வைக்கும் அதே காற்றுதான், அரபிக்கடலையும் கலக்கிவிட்டு வருகிறது.

இந்தக் கலப்பை அளக்க 2016 ஜூன், ஜூலையில் 'சிந்து சாதனா' என்ற இந்திய ஆய்வுக் கப்பல் தெற்கு வங்கக்கடலுக்குச் சென்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக விஞ்ஞானிகளும் பிரிட்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. அரபிக்கடலின் உப்புநீர், இலங்கைக்குத் தெற்கே சுற்றிக்கொண்டு வங்கக்கடலுக்குள் எப்படி நுழைகிறது, மேல் அடுக்கு எப்படிச் சூடாகிறது, எப்படி ஆறுகிறது என்பதையெல்லாம் அளந்தார்கள்.

கடலுக்குள் இருக்கும் வெப்பத்தை எப்படி அளக்கிறார்கள்?

செயற்கைக்கோள் மேற்பரப்பின் வெப்பத்தைத்தான் நேரடியாகப் பார்க்கும். உள்ளே இறங்கிப் பார்க்க 'ஆர்கோ' மிதவைகள் இருக்கின்றன. உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதவைகள். ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பிறகு 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும். பத்து நாளைக்கு ஒரு முறை இந்த வேலை நடக்கும்.

இந்தியாவில் ஆர்கோ பணியைக் கவனிப்பது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் தேசியக் கடல் தகவல் சேவை மையம். கடலில் நங்கூரமிட்டு நிற்கும் மிதவைகளைச் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் பராமரிக்கிறது. இந்த அளவீடுகள், கடலையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் கணினி மாதிரிகளுக்குள் போகின்றன. இதற்காகவே 2012-ல் மத்திய அரசு 'மான்சூன் மிஷன்' திட்டத்தைத் தொடங்கியது.

கோவையில் இதை வைத்து என்ன செய்கிறார்கள்?

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பருவம் தொடங்கும் முன் மாவட்ட வாரியாக மழை முன்னறிவிப்பை வெளியிடுவது இந்த மையம்தான். அதற்குப் பசிபிக் கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும், வாக்கர் கண்ட அந்தக் காற்றழுத்த வேறுபாட்டையும் எடுத்து, ஆஸ்திரேலியாவில் உருவான 'ரெயின்மேன்' மென்பொருளில் போடுகிறார்கள்.

தத்துவம் எளிது. கடந்த காலத்தில் கடல் இதே நிலையில் இருந்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று பார்ப்பது. டாஹிட்டியில் எடுத்த அளவு, கடைசியில் சுல்தான்பேட்டையில் கொண்டைக்கடலை விதைப்பவருக்கு வந்து சேருகிறது.

அடுத்த எல் நினோ செய்தியை எப்படிப் படிப்பது?

* எந்த மாதம் வந்த செய்தி என்று பாருங்கள். மார்ச், ஏப்ரலில் வரும் எல் நினோ கணிப்புகள் அவ்வளவு உறுதியானவை அல்ல. அந்த மாதங்களில் பசிபிக் எந்தப் பக்கமும் திரும்பலாம். ஜூனுக்குப் பிறகு வரும் கணிப்பு நம்பகமானது.

* எந்தப் பருவமழையைப் பற்றியது என்று பாருங்கள். இந்திய வானிலை ஆய்வு மையம் ஏப்ரலில் சொல்வது தென்மேற்குப் பருவமழை. அது சிறுவாணி, ஆழியாறு சம்பந்தப்பட்டது. கிணற்றுக்கும் மானாவாரிக்கும் வடகிழக்குப் பருவமழை பற்றிய கணிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அது செப்டம்பர் கடைசி வாக்கில் வரும்.

* பசிபிக்கோடு ஐ.ஓ.டி. நிலவரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

* சதவீதத்தைக் கவனியுங்கள். "60 சதவீத வாய்ப்பு" என்றால் இதே மாதிரி பத்துப் பருவத்தில் நாலு பருவம் வேறு மாதிரி போகும் என்று அர்த்தம். அந்த நாலில் ஒன்றாக இருந்தாலும் தாங்குமா என்று யோசித்து முடிவெடுப்பது நல்லது. குறுகிய கால ரகம், தென்னைக்கு மூடாக்கு, பண்ணைக்குட்டை, பயிர்க் காப்பீடு எல்லாம் அதற்குத்தான்.

கடலே சூடாகிறதே, பழைய கணக்கு செல்லுமா?

நல்ல கேள்வி. புவி வெப்பமயமாதலால் கூடும் வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல்தான் உள்வாங்குகிறது. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி, 1951 முதல் 2015 வரை வெப்ப மண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வு இதை விடக் குறைவு, சுமார் 0.7 டிகிரி.

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது நினைவிருக்கும்.

பழைய ஆண்டுகளை ஒப்பிட்டுச் சொல்லும் முறைக்கு இது சவால். கடல் முன்பு இல்லாத நிலைக்குப் போகும்போது, ஒப்பிட ஏற்ற பழைய ஆண்டு கிடைக்காது. அதனால்தான் கடலின் இயற்பியலை நேரடியாகக் கணக்கிடும் மாதிரிகளும், அவற்றுக்குத் தீனி போடும் மிதவைகளும் இன்னும் அவசியமாகின்றன.

கோவை மாணவர்கள் இதைப் படிக்க முடியுமா?

முடியும். இயற்பியலும் கணிதமும் நன்றாக வந்தால் போதும். பக்கத்திலேயே கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடலியல் படிப்பு இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வளிமண்டலக் கடல் அறிவியல் மையமும், கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனமும் ஆய்வுக்குப் பெயர் பெற்றவை. வேளாண்மைப் பக்கம் ஆர்வம் என்றால் கோவையிலேயே வேளாண் வானிலையியல் படிக்கலாம்.

கொச்சிக்கு ரயில் ஏறினால், வண்டி போவதும் அதே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான். ஆடி மாசம் எதிரே வீசும் காற்று, எங்கோ கடலில் கிளம்பி அந்த வழியாகத்தான் நம்ம ஊருக்குள் வந்துகொண்டிருக்கும்.